ஆலயம் மூடப்பட்ட காலத்தில் மரித்தோர் நினைவு

நாளேடு ஒன்றின் மரண அறிவித்தல் பக்கத்தை ஆசிரிய பீடத்தினர் பொதுவாக ஊன்றிப் படிப்பதில்லை. அது விளம்பரப் பிரிவினரின் பொறுப்பு. எனினும் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் அந்தப் பக்கத்தில் ஏற்பட்ட மாற்றம் எவர் கண்ணிலும் படக்கூடியதாக இருந்தது. வழமையாக ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் அறிவித்தலில், இன்ன ஆலயத்தில் இன்ன நேரம் இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டுப் பூதவுடல் இன்ன சேமக்காலையில் நல்லடக்கம் செய்யப்படும் என்ற வாக்கியம் தவறாது இடம்பெறும். அந்த இரண்டு ஆண்டுகளில் அந்த வாக்கியம் பல அறிவித்தல்களில் இருந்து மறைந்தது. இறுதிக் கிரியைகள் குடும்பத்தினருடன் மாத்திரம் நடைபெற்றதாகவும், திருப்பலி பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும் எனவும் எழுதப்பட்டது. பின்னர் அறிவிக்கப்பட்டவை சில உண்டு. அறிவிக்கப்படாமலேயே போனவை எத்தனை என்பதை எவரும் கணக்கெடுத்ததில்லை.

நவம்பர் மாதம் கத்தோலிக்க மக்களுக்கு மரித்தோரின் மாதம். இன்று ஆலயங்கள் திறந்திருக்கின்றன. சேமக்காலைகளில் புல் செதுக்கப்பட்டு, சிலுவைகளுக்கு வெள்ளை பூசப்பட்டு, மாலையில் மெழுகுதிரிகள் ஏற்றப்படுகின்றன. இந்த வேளையில், கதவுகள் மூடப்பட்டிருந்த காலத்தில் மரித்தோரை நினைவுகூருவதற்குத் திருச்சபை எத்தகைய ஏற்பாடுகளைச் செய்தது, அந்த ஏற்பாடுகளால் நிறைவு செய்யப்படாதது எது என்பதை நோக்குவது பொருத்தமாகும்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காகச் சில அடிப்படை விடயங்களை முதலிற் கூற வேண்டியுள்ளது. மரித்த ஒருவர் இறைவனின் முழுமையான பிரசன்னத்தை அடைவதற்கு முன்னர் தூய்மை பெறும் ஒரு நிலை உண்டு என்பது கத்தோலிக்க விசுவாசம். அதனையே எமது மூத்த தலைமுறையினர் உத்தரிக்கிற ஸ்தலம் என்று அழைத்தனர். அந்நிலையில் உள்ள ஆன்மாக்களுக்கு உயிரோடிருப்பவர்களின் செபமும் திருப்பலியும் தருமமும் உதவும் என்பது அதன் தொடர்ச்சி. இதற்கு ஆதாரமாக மக்கபேயர் இரண்டாம் நூலின் 12 ஆம் அதிகாரம் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. போர்க்களத்தில் வீழ்ந்த தம் வீரர்களுக்காக யூதா மக்கபேயு 2,000 வெள்ளித் திராக்மாக்களைத் திரட்டி, பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினான் என்கிறது அந்தப் பகுதி. மரித்தவர்கள் கிடந்தது ஓரிடம், பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது வேறோரிடம் என்பதை இங்கு கவனிக்க வேண்டும். தூரத்தில் இருந்து நினைவுகூருதல் என்பது தொலைக்காட்சியுடன் தோன்றிய விடயமல்ல.

நவம்பர் 2 ஆந் திகதி சகல ஆன்மாக்களின் தினமாக அமைந்ததற்கு, பிரான்ஸ் நாட்டின் குளூனி மடத்தின் அதிபராக விளங்கிய புனித ஓடிலோ 998 ஆம் ஆண்டளவில் தமது மடங்களுக்கு விதித்த ஒழுங்கே மூலம் எனக் கூறப்படுகிறது. அத்தினத்தில் ஒவ்வொரு குருவும் மூன்று திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கலாம் என்ற சலுகையை உலகத் திருச்சபை முழுவதற்கும் விரிவாக்கியவர் பாப்பரசர் 15 ஆம் ஆசீர்வாதப்பர். ஆண்டு 1915, முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கல்லறைகூட இன்றி இலட்சக்கணக்கானோர் மடிந்துகொண்டிருந்த சூழ்நிலையே அந்தத் தீர்மானத்தின் பின்னணி. பேரழிவு நேரும்போது மரித்தோர் தொடர்பான விதிகளைத் தளர்த்துவதும் விரிப்பதும் உரோமாபுரிக்குப் பழக்கமான செயலே.

நவம்பர் 1 ஆந் திகதி முதல் 8 ஆந் திகதி வரை சேமக்காலையைத் தரிசித்து மரித்தோருக்காகச் செபிப்பவர், பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை பெற்று, பாப்பரசரின் கருத்துகளுக்காகவும் செபிப்பாராயின், ஒரு பரிபூரண பலனை மரித்த ஆன்மா ஒன்றுக்கு அளிக்கலாம் என்பது நடைமுறை. நவம்பர் 2 ஆந் திகதி ஆலயத்தைத் தரிசிப்பவருக்கும் அவ்வாறே. இவ்விரண்டும் ஓர் இடத்துக்குப் போவதை நிபந்தனையாகக் கொண்டவை என்பதே 2020 இல் எழுந்த சிக்கல். எட்டு நாட்களுக்குள் எல்லோரும் சேமக்காலைக்கு வருவதென்றால் கூட்டம் கூடும்; வராவிட்டால் பலன் கிடையாது. அந்த ஆண்டு ஒக்டோபர் 22 ஆந் திகதியிடப்பட்ட ஆணை ஒன்றின் மூலம், பாவமன்னிப்பு விவகாரங்களுக்குப் பொறுப்பான வத்திக்கான் நீதிமன்றம் அந்த எட்டு நாட்களை நவம்பர் மாதம் முழுவதற்கும் நீடித்தது. 2 ஆந் திகதிக்குரிய ஆலயத் தரிசனத்தையும் அம்மாதத்தின் வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள இடமளித்தது. முதியோரும் நோயாளரும், வீட்டைவிட்டு வெளியேற முடியாதோரும், வீட்டில் உள்ள இயேசுவின் அல்லது தேவமாதாவின் திருவுருவத்தின் முன்னால் நின்று மரித்தோருக்கான செபங்களைச் சொன்னாலே போதும் என்றது. ஏனைய நிபந்தனைகளை இயன்ற விரைவில் நிறைவேற்றும் எண்ணம் இருக்க வேண்டும் என்பது மாத்திரமே விதி. 2021 ஆம் ஆண்டும் இச்சலுகை தொடர்ந்தது.

இந்த ஆணை வெளியான வேளையில் இலங்கையின் நிலைமை மோசமடைந்து கொண்டிருந்தது. மினுவாங்கொடையில் ஆரம்பித்த இரண்டாவது அலை கம்பஹா மாவட்டத்தைத் தாண்டிப் பரவியது. கத்தோலிக்கர் செறிந்து வாழும் நீர்கொழும்பும் வத்தளையும் ஜா-எலயும் அந்த மாவட்டத்திலேயே உள்ளன. ஒக்டோபர் 29 ஆந் திகதி நள்ளிரவு முதல் மேல் மாகாணம் முழுவதிலும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்து நவம்பர் 9 ஆந் திகதி வரை நீடித்தது. ஆகவே சகல ஆன்மாக்களின் தினத்தன்று கொழும்பிலும் நீர்கொழும்பிலும் சேமக்காலைக்குப் போகும் வழியே இருக்கவில்லை. உரோமாபுரி அளித்த சலுகை ஏட்டளவில் நிற்காமல், அந்த வாரத்திலேயே பல்லாயிரம் வீடுகளில் பயன்பாட்டுக்கு வந்தது.

சட்டம் இவ்வாறு இலகுவாக வழிவிட்டது. ஆனால் பங்கு வாழ்க்கை என்பது சட்டத்தினால் மாத்திரம் ஆனதல்ல. எமது கரையோரக் கிராமம் ஒன்றில் மரணம் நிகழ்ந்தால் முதலில் அறிவிப்பது கோயில் மணி. அதன் ஓசை வேறுபாட்டைக் கேட்டே ஊரவர் இது துக்க மணி என அறிந்துகொள்வர். தொழிலுக்குப் போகவிருந்த வள்ளங்கள் கரையில் நிற்கும். செத்த வீட்டில் இரவில் அயலவர் கூடிச் செபமாலை சொல்வர். பூதவுடல் ஆலயத்துக்குக் கொண்டு வரப்படும்போது, வாழ்நாள் முழுவதும் கோயிற் பக்கம் தலைகாட்டாதவர்களும் பின்னால் வருவர். பின்னர் 31 ஆம் நாள் திருப்பலியும் விருந்தும். இந்த 31 ஆம் நாளைச் சைவ அயலவரும் தம் வீட்டு வழக்கம் போலவே விளங்கிக்கொள்வர். அழைப்பின்றியே வந்து அமர்வர். திருப்பலியின்போது மரித்தவரின் பெயரைக் குருவானவர் உரத்துச் சொல்வது சிறிய விடயம் போலத் தோன்றலாம். வயோதிபத் தாய்மார் பலருக்கு அந்த ஒரு கணமே அன்றைய திருப்பலியின் முழுப் பொருளுமாகும். பெயர் சொல்லப்படாவிட்டால், அல்லது தவறாகச் சொல்லப்பட்டால், பங்குத்தந்தையின் அறைக்கே சென்று கேட்பவர்களை நாம் அறிவோம்.

முகநூல் நேரலையில் திருப்பலி பார்ப்பது எமது மக்களுக்கு முற்றிலும் புதியதாக இருக்கவில்லை என்பதையும் இங்கு குறிப்பிடலாம். போர்க்காலத்தில் ஊரில் மரித்த தாயின் இறுதிச் சடங்கை வீடியோ நாடாவிற் பதிவு செய்து, கனடாவிலோ பாரிஸிலோ உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அந்த நாடாவை வாரக்கணக்கிற் காத்திருந்து பெற்று, அறையைப் பூட்டிக்கொண்டு பார்த்து அழுத பிள்ளைகளின் நிலைமை 2020 இல் ஊரிலேயே இருந்தவர்களுக்கும் நேர்ந்தது. ஐந்து மைல் தூரத்தில் நடந்த அடக்கத்தைக் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தனர்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், இலங்கையின் தமிழ்க் கத்தோலிக்க சமூகம் உருப்பெற்றதே ஆலயங்கள் மூடப்பட்ட காலத்தில்தான் என்பது தெளிவாகும். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்தனர். குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது. ஆலயங்கள் சீர்திருத்த சபையின் கைக்கு மாறின. அந்தச் சபையின் போதனையில் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கோ மரித்தோருக்கான செபத்துக்கோ இடம் இல்லை. மக்கபேயர் நூல்களும் அதன் வேதாகமத் திருமுறையில் அடங்கியவை அல்ல. ஆகவே தடுக்கப்பட்டது கட்டடம் மாத்திரமல்ல, மரித்தவருக்காகச் செபிக்கும் செயலுமே. நோய்த்தொற்றுக் காலத்துத் தடைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னையது பொதுமக்களின் உயிரைக் காப்பதற்காக வந்தது. பின்னையது விசுவாசத்தை வேரறுப்பதற்காக வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்களுடன் எமக்கு உடன்பாடில்லை.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் குருவானவர் இன்றி வாழ்ந்த அந்த மக்களிடம், 1687 இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் சில்லாலை மக்கள் அவருக்குப் புகலிடம் அளித்தனர். அவர் கண்ட சமூகம் முற்றாக அழிந்திருக்கவில்லை. வீடுகளில் திருவுருவங்கள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. செபங்கள் வாய்மொழியாக நிலைத்திருந்தன. அவரும் அவருக்குப் பின் வந்த ஒரட்டோரியன் சபைக் குருக்களும் ஊர்தோறும் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் நியமித்தனர். குரு ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவை இரவோடிரவாக வந்து செல்லும் ஊரில், ஞானஸ்நானம் கொடுப்பதும் மரண வேளையில் உடனிருந்து செபிப்பதும் அடக்கத்தை நடத்துவதும் இந்தப் பொதுநிலையினரின் கடமையாயின. இன்றும் கோயில் மூப்பர் என்ற பதவிக்கு எமது ஊர்களில் உள்ள மதிப்பின் வேர் அங்கேதான் இருக்கின்றது. 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்களின் தேவையும் இந்தச் சூழலிலேயே எழுந்தது. குரு இல்லாத இடத்தில், வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஏட்டை விரித்து வாசிக்க, ஏனையோர் கேட்டுச் செபிக்க வேண்டும்.

யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்க்கையில் எமது காலத்துக்கு நெருக்கமான இன்னொரு நிகழ்வும் உண்டு. 1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோர் காடுகளிலும் தெருக்களிலும் கைவிடப்பட்டனர். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான கர்வாலியோ அடிகளாரும் நகரிலேயே தங்கி, சமய வேறுபாடு பாராது நோயாளரைப் பராமரித்ததோடு, எவரும் தொட மறுத்த சடலங்களை அடக்கமும் செய்தனர். 1711 ஜனவரி 16 ஆந் திகதி கண்டியில் மரித்த அவருடைய கல்லறை எங்கே உள்ளது என்பது இன்று அறியப்படாததாகும். 2015 ஜனவரி 14 ஆந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராகப் பிரகடனப்படுத்தியபோது, திருப்பண்டமாக எடுத்து வைப்பதற்கு அவருடைய உடலின் எச்சம் எதுவும் இருக்கவில்லை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2019 ஏப்ரல் 21 ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், ஹோட்டல்களிலும் நடத்தப்பட்ட தற்கொலைத் தாக்குதல்களில் 260 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஞாயிறன்று கொழும்பு உயர்மறை மாவட்டத்தில் ஆலயங்கள் திறக்கப்படவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தமது இல்லச் சிற்றாலயத்தில் ஒப்புக்கொடுத்த திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது. மே மாதம் 12 ஆந் திகதியே ஞாயிறு திருப்பலிகள் கடும் பாதுகாப்புடன் மீண்டும் ஆரம்பமாகின. முதலாம் ஆண்டு நினைவு நாள் வந்தபோது நாடு ஊரடங்கில் இருந்தது. கட்டுவாப்பிட்டியில் ஒரே குடும்பத்தில் மூவரையும் நால்வரையும் இழந்தவர்கள், நடந்து போகும் தூரத்திலுள்ள கல்லறைகளுக்குப் போக முடியாமல், காலை 8.45 மணியளவில் ஆலய மணிகள் ஒலிக்கையில் வீட்டு வாசலில் விளக்கேற்றி நின்றனர். ஓராண்டுக்குள் இரண்டு தடவை, இரண்டு வெவ்வேறு காரணங்களால், அதே மக்களுக்கு அதே கதவுகள் மூடப்பட்டன.

வடக்கில் இக்கதை வேறு வடிவம் கொண்டது. 1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த கத்தோலிக்கப் பங்குகளின் மக்கள், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட தம் சேமக்காலைகளைக் காண்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தனர். பெற்றோரின் கல்லறை முட்கம்பிக்கு அப்பால் இருக்க, நவம்பர் மாதத்தில் அகதி முகாமிலோ உறவினர் வீட்டிலோ ஒரு மெழுகுதிரியை ஏற்றியவர்கள் அவர்கள். மன்னார் மாவட்டத்தின் முள்ளிக்குளத்தில் இருந்து 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்ட மக்களின் ஊர் கடற்படை முகாமாகியது. அவர்களுடைய ஆலயம் அந்த முகாமுக்குள்ளேயே நின்றது. 2017 இல் அவர்கள் வாரக்கணக்கில் நடத்திய போராட்டத்தின் பின்னரே காணியின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. நோய் காரணமாக மூடிய கதவு, நோய் தணிந்ததும் திறக்கும் என்ற நம்பிக்கை கொழும்பு மக்களுக்கு இருந்தது. முள்ளிக்குளத்து மக்களுக்கு அத்தகைய திகதி எதுவும் வழங்கப்பட்டிருக்கவில்லை.

கொவிட் காலத்தில் அரசாங்கம் எடுத்த ஒரு தீர்மானம் தனியாக நோக்கப்பட வேண்டியது. 2020 ஏப்ரல் 11 ஆந் திகதிய வர்த்தமானி அறிவித்தல், கொவிட் தொற்றினால் மரித்தோரின் உடல்கள் தகனம் செய்யப்பட வேண்டும் எனக் கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்வதனால் ஆபத்து உண்டு என்பதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் ஆதாரம் இருக்கவில்லை. இதனை எதிர்த்து முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தாக்கல் செய்த மனுக்களை உயர் நீதிமன்றம் டிசெம்பர் 1 ஆந் திகதி நிராகரித்தது. 2021 பெப்ரவரி இறுதியிலேயே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் தொடக்கத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்கு உடல்களைக் கொண்டு செல்வதாக அமைந்தது. அந்தத் தகனக் கட்டாயத்துக்காக 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

முஸ்லிம் மக்களுக்குத் தகனம் சமய ரீதியில் முற்றாக விலக்கப்பட்டது. அவர்கள் அடைந்த வேதனையை ஏனையோரின் வேதனையுடன் சமப்படுத்த முடியாது. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை 1963 முதல் தகனத்துக்குத் தடையில்லை. 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் அடக்கத்தைப் பரிந்துரைத்துத் தகனத்தை அனுமதிக்கின்றது. ஆனால் 2016 இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி சாம்பல் புனிதமான ஓரிடத்தில் வைக்கப்பட வேண்டும். கடலிலோ காற்றிலோ தூவக்கூடாது. பொதுவாக வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. இதன் உட்கருத்து, மரித்தவருக்கு எவரும் வந்து நின்று செபிக்கக்கூடிய ஓர் இடம் இருக்க வேண்டும் என்பதே. நோய்த்தொற்றுக் காலத்தில் ஒரு குடும்பமே தனிமைப்படுத்தல் நிலையத்தில் இருக்க, தந்தை வைத்தியசாலையில் மரித்து, எங்கோ தகனம் செய்யப்பட்டார். சாம்பலைக் கேட்டுப் பெறும் நிலையில் எவரும் இருக்கவில்லை. நவம்பரில் அந்தப் பிள்ளைகள் எந்தக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவது? நாட்டில் கொவிட் மரணங்களாகப் பதிவானவை 16,000 க்கும் மேல். கத்தோலிக்கர் அதில் ஒரு பகுதியினர். அவர்களுள் இந்த நிலைக்கு ஆளானோர் எத்தனை பேராயினும், ஒவ்வொரு பங்கிலும் ஓரிருவரையாவது காணலாம்.

எல்லோருக்கும் இவ்வாறு நேரவில்லை என்பதும் உண்மை. மன்னாரின் முன்னாள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் 1 ஆந் திகதி, பெரிய வியாழனன்று மரித்தார். கட்டுப்பாடுகள் சற்றுத் தளர்ந்திருந்த இடைவெளி அது. உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் நடைபெற்ற இறுதித் திருப்பலிக்கு மக்கள் திரண்டு வந்தனர். போரின் இறுதிக் கட்டத்தில் 146,679 பேருக்கு என்ன நடந்தது எனக் கேட்டு, கணக்குச் சொல்லப்படாத மரித்தோருக்காகக் குரல் கொடுத்த ஒருவருக்கு, பெயர் சொல்லி அழுது அடக்கம் செய்யும் கூட்டம் கிடைத்தது. ஏழு வாரங்களின் பின்னர் மே 21 இல் நாடு மீண்டும் முடக்கப்பட்டது. அதன் பின் மரித்த சாதாரண மூப்பர் ஒருவருக்கு, நாற்பது ஆண்டுகள் ஊரின் எல்லாச் சாவுக்கும் முன்னின்று செபம் சொன்னவருக்கு, ஒரு சிலரே நின்றனர்.

முடிக்கப்படாத அந்தக் கடமையை இப்போது செய்வதற்குத் திருச்சபைச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. உயிரோடிருப்பவர் எவருக்காகவும் மரித்தவர் எவருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது சட்டத் தொகுப்பின் 901 ஆம் பிரிவு. அதற்குக் காலக்கெடு எதுவும் கிடையாது. நவம்பர் 2 ஆந் திகதி ஒப்புக்கொடுக்கப்படும் மூன்று திருப்பலிகளுள் ஒன்று மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும், மற்றொன்று பாப்பரசரின் கருத்துகளுக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படும். எஞ்சியதைக் குரு தாம் விரும்பும் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கலாம். அந்த ஒன்றை, 2020 மார்ச் முதல் 2021 இறுதி வரை தம் பங்கில் மரித்தவர்களுக்காக ஒப்புக்கொடுக்கும் வாய்ப்பு ஒவ்வொரு பங்குத்தந்தைக்கும் உண்டு. பங்கின் மரணப் பதிவேட்டில் சில பெயர்கள் இருக்கும். வேறு மாவட்டத்தில் தகனம் செய்யப்பட்டவர்களின் பெயர் அதில் இல்லாமலும் போயிருக்கலாம். அவற்றைக் குடும்பங்களிடமே கேட்டு எழுத வேண்டும். அது மூப்பர்களும் வின்சென்ட் டி போல் சபையினரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடிக்கக்கூடிய வேலை. கல்லறை இல்லாதவர்களின் பெயர்களைச் சேமக்காலையின் வாயிலில் ஒரு பலகையில் எழுதி வைப்பதற்கும் பெருஞ்செலவு ஏற்படாது.

பழைய பத்திரிகைக் கட்டுகளில் அந்த அறிவித்தல்கள் இன்னும் இருக்கின்றன. பெயரும் ஊரும் மரித்த திகதியும் அவற்றில் உண்டு. பட்டியல் தயாரிக்க விரும்பும் பங்குகள் கேட்டால், எடுத்துப் பார்ப்பதற்கு நாம் வழிசெய்து கொடுப்போம்.